பத்தாயத்தில் ஸ்கூபா சிலிண்டரை வைக்கலாமா?

கேள்வி: என் மகன் பாண்டிச்சேரியில் ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது) கற்றுக்கொண்டு, சாமான்களையும் சொந்தமாகவே வாங்கினான். இரண்டு வருஷமாக வெளிநாட்டில் வேலை. சிலிண்டர், வாயில் வைத்து மூச்சு விடும் ரெகுலேட்டர், மிதவைச் சட்டை, ரப்பர் உடுப்பு, மாஸ்க் எல்லாம் மோட்டார் கொட்டகையில் ஒரே சாக்கில் கிடக்கின்றன. பத்தாயம் காலியாக இருக்கிறது, அதில் போட்டு மூடிவிடவா? ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் கெடாது என்கிறார் வீட்டுக்காரர். தை மாதம் வருகிறான். அதற்குள் பஞ்சர் கடையில் காற்றடித்து வைக்கட்டுமா?
– ஒரு வாசகி, தரங்கம்பாடி அருகே

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா, அது உயிர் சம்பந்தப்பட்டது. பஞ்சர் கடைப் பக்கமே போக வேண்டாம். கார் டயருக்கு அடிப்பது சுமார் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு); அலுமினிய ஸ்கூபா சிலிண்டர் நிரம்பினால் பெரும்பாலும் 3000 பி.எஸ்.ஐ. அந்தக் கடைக் கம்ப்ரசர் இதை நிரப்பவே நிரப்பாது. அதிலிருந்து வரும் காற்றில் எண்ணெய் ஆவியும் ஈரமும் வேறு கலந்திருக்கும். கடலுக்கடியில் மூச்சாக இழுக்கும் காற்று அது இல்லை.

உள்ளே மிச்சமிருக்கும் பழைய காற்றையும் மகன் சுவாசிக்கக் கூடாது. சிலிண்டரில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. உள்ளே ஈரம் தங்கியிருந்தால் துருப்பிடிக்கும். துரு உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுதான் வளரும். அழுத்தமானியில் காற்று இருப்பதாகவே காட்டும், மூச்சுக்கு வேண்டியது மட்டும் குறைந்துபோயிருக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியம். அதிலும் இத்தனை நாள் கிடந்த காற்றை வெளியேற்றி, சோதித்து, டைவிங் சென்டரில் புதிதாக நிரப்புவதுதான் சரி. அதுவரை வால்வை நீங்கள் திறக்காதீர்கள். 20, 30 பார் (சுமார் 300, 450 பி.எஸ்.ஐ.) அழுத்தம் உள்ளே இருந்தால் வெளி ஈரம் நுழையாது. சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, சாயாமல் சுவரோடு கட்டுங்கள். படுக்க வைத்தால், உள்ளே ஈரமிருந்தால் அது மெல்லிய பக்கச் சுவரை அரிக்கும். நிமிர்ந்து நின்றால் தடித்த அடிப்பாகத்தில் தங்கும்.

பத்தாயத்தின் இருட்டு ரப்பருக்கு நல்லதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்காது. மோட்டார் கொட்டகை அதைவிட மோசம். அங்கே வெக்கையும் எண்ணெய்ப் புகையும் இருக்கும், வயலிலிருந்து வரும் எலியும் இருக்கும். மோட்டாரின் மின்பொறியில் உண்டாகும் ஓசோன் வாயுவும் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். வெயில் படாத உள்ளறைதான் சரியான இடம். ரப்பர் உடுப்பை மடிக்காமல், அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். மடித்த இடத்தில் அதன் நுரை நசுங்கினால் மறுபடி எழும்பாது.

உள்ளே வைக்கும் முன் உப்புப் போக அலச வேண்டும். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு என்றால், அதில் அலசுவதும் கடல் நீரில் அலசுவதும் ஒன்றுதான். குடிநீரோ மழை நீரோ பிடித்து வைத்து அலசுங்கள். மிதவைச் சட்டையின் உள்ளேயும் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து வடித்து, நிழலில் உலர்த்தி, பாதி காற்றோடு தொங்கவிடுங்கள். உட்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. ரெகுலேட்டரை மட்டும் தண்ணீரில் போடவே வேண்டாம். தவறிப்போய் நடுவிலுள்ள பட்டனை அழுத்தினால் தண்ணீர் உள்ளே போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, குழாய்களை மாட்டுக் கயிறுபோல் இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையமாக வையுங்கள். வாய்ப்பகுதியை மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். நம் வீடுகளில் குளவி எந்த ஓட்டையை விட்டுவைக்கிறது?

தேங்காய் எண்ணெய், வாசலின், அந்துருண்டை எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப் பிசுபிசுக்கும். அந்துருண்டை வாடை உடுப்பை விட்டுப் போகாது. மாஸ்க்கைத் தனிப்பெட்டியில் வையுங்கள். கறுப்பு ரப்பரோடு சேர்ந்து கிடந்தால் தெளிவான சிலிக்கோன் மஞ்சளாகிவிடும். டார்ச், டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் காட்டும் கருவி) இருந்தால் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள்.

மகன் வருவதற்கு ஒரு மாதம் முன்பே ரெகுலேட்டரையும் சிலிண்டரையும் பாண்டிச்சேரிக்கு சர்வீஸுக்கு அனுப்புங்கள். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ஆண்டுக்கு ஒன்றோ, இரண்டு ஆண்டுக்கு ஒன்றோ சர்வீஸ் செய்யச் சொல்கிற கம்பெனிகள்தான் அதிகம். இனி வருஷத்துக்கு ஒரு முறைகூடக் கடலில் இறங்கப் போவதில்லை என்று அவர் சொன்னால், ரப்பர் நன்றாக இருக்கும்போதே விற்றுவிடச் சொல்லுங்கள். இறங்கும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய ஸ்கூபா செட் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– காரைக்கால் இளைஞர்

பதில்: முதலில் சிலிண்டரின் தோள்பகுதியில் பொறித்த எழுத்துகளைப் படியுங்கள், தம்பி. கடைசி நீரழுத்தச் சோதனையின் (தண்ணீர் நிரப்பி, அழுத்தம் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பது) தேதி அங்கே இருக்கும். அமெரிக்காவில் இதை 5 ஆண்டுக்கு ஒரு முறை செய்கிறார்கள், உட்புறத்தை ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். இங்கே 2016ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி, பெசோ (வெடிபொருள், எரிவாயு சிலிண்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த நிலையத்தில்தான் சோதிக்க வேண்டும். 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்த பழைய சிலிண்டர் என்றால் வேண்டாம். அவற்றில் கழுத்தில் விரிசல் கண்டதால்தான் 6061 கலவைக்கு மாறினார்கள். ரெகுலேட்டருக்கு உதிரிபாகம் இங்கே கிடைக்குமா என்று கேட்டு, சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

மாஸ்க்கை மட்டும் செட்டோடு வருகிறது என்பதற்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றால் அது உங்களுக்குப் பொருந்தும்.