ஊசி பட்டால் கட்டி பரவுமா?

கேள்வி: எனக்கு வயது 54. இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக் கட்டி. ஸ்கேனில் ‘பைராட்ஸ் 4பி’ என்று போட்டு, ஊசி பயாப்ஸி எடுக்கச் சொல்கிறார்கள். ஊசி பட்டால் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. நேராக ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா? எட்டு மாதத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் நிற்காதோ என்று பயந்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் மூன்று நாளாக நிறுத்தியிருக்கிறேன். வெறும் வயிற்றோடு போகணுமா? தழும்பு தெரியுமா?
– வாசகி, கரூர்

பதில்: கட்டியைவிட எனக்கு அந்த மூன்று நாள்தான் கவலை. ஸ்டென்ட் வைத்து ஓராண்டுகூட ஆகாமல் இரண்டு மாத்திரையையும் ஒருசேர நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். இதைப் படித்த கையோடு இதய மருத்துவருக்குப் போன் போடுங்கள். ஊசி பயாப்ஸிக்கு இவற்றைப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியதில்லை. ஊசி போடும் டாக்டரிடம் சொல்லிவிட்டால் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிப்பார், அவ்வளவுதான். யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று கேட்கப்போவதில்லை, பதில் தெரியும்.

ஊசியால் நோய் பரவாது. ஊசி போன தடத்தில் சில செல்கள் சிந்துவது உண்டு. பெரும்பாலும் அங்கேயே மடிந்துவிடும். மிஞ்சுவதை, புற்றுநோயாக இருந்தால் எப்படியும் செய்யப்போகும் சிகிச்சை கவனித்துக்கொள்ளும். பைராட்ஸ் என்பது மார்பு ஸ்கேனில் சந்தேகம் எவ்வளவு என்று சொல்லும் தரவரிசை. அதில் 4பி என்றால் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு நூற்றுக்குப் பத்திலிருந்து ஐம்பது வரை. சாதாரணக் கட்டியாக இருந்தால் ஆபரேஷனே வீண். புற்றுநோயாக இருந்தாலோ, சுற்றிலும் எவ்வளவு சதை எடுப்பது, அக்குள் நெறிக்கட்டியை என்ன செய்வது, முதலில் கீமோவா என்பதெல்லாம் தெரியாமல் கத்தி வைத்தால் இரண்டாவது ஆபரேஷனில் போய் நிற்கும். இதையெல்லாம் முடிவு செய்ய உதவும் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) பரிசோதனைகளை அந்த ஊசித் துணுக்கிலேயே செய்துவிடலாம்.

வெறும் வயிறு வேண்டாம், இட்லி சாப்பிட்டுவிட்டே போங்கள். முன்பக்கம் திறக்கும் ரவிக்கை போடுங்கள். மார்பிலும் அக்குளிலும் பவுடர் வேண்டாம். மரத்துப்போகும் ஊசி சில நொடி சுரீரென்று எரியும். பிறகு மூன்று நான்கு மில்லிமீட்டர் கீறி, ஸ்கேனில் பார்த்தபடியே 14 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) ஊசியை விடுவார்கள். ஸ்டேப்ளர் அடித்தாற்போல் ‘டப்’ என்று சத்தம் வரும், துள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து துணுக்கு, ஒவ்வொன்றும் உடைத்த சேமியா போல இருக்கும். அவை கெடாமல் காக்கும் ஃபார்மலின் பாட்டிலுக்குப் போகும்போது, மேலே உங்கள் பெயரும் ‘இடது’ என்பதும் எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தையல் கிடையாது. தழும்பு கொசுக்கடி அளவுதான்.

வீட்டுக்கு வந்தபின் இறுக்கமான பிராவை இரவிலும் கழற்ற வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். வலித்தால் பாராசிட்டமால் மட்டும். மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் உங்கள் மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டு நாள் தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள். காயத்தில் மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள்.

தோல் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாவது இயல்பு. கன்றல் மார்பின் கீழ்ப்பக்கம் இறங்கும், இரண்டு வாரத்தில் மறையும். ரத்தம் கட்டிய இடம் கோலிக்குண்டு போலச் சில வாரம் கையில் தட்டுப்பட்டால் அதையும் பொருட்படுத்த வேண்டாம்.

பயப்பட வேண்டியது, அன்றைக்கே கண்ணெதிரே ஏறும் வீக்கம். நிறம் முக்கியமில்லை, அளவுதான் முக்கியம். மத்தியானம் சரியாக இருந்த பிரா சாயங்காலம் பிடிக்கிறது, மார்பு விண்ணென்று தெறிக்கிறது, கட்டு நனைந்துகொண்டே போகிறது என்றால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். உங்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். மடித்த துணியை வைத்து, கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தமும் பிய்ந்துவிடும். அதற்குப் பிறகும் வீக்கம் ஏறினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள். சில நாள் கழித்துக் காய்ச்சலோ சீழோ வந்தாலும் அப்படியே.

ரிப்போர்ட் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும். ‘புற்றுநோய் இல்லை’ என்று இருந்தாலும் ஸ்கேன் படத்தோடு டாக்டரிடம் காட்டுங்கள். படத்தில் சந்தேகம் பலமாக இருந்து ரிப்போர்ட் அதற்குப் பொருந்தாவிட்டால், ஊசி கட்டியில் படாமல் பக்கத்தில் போயிருக்கலாம்; மறுபடி எடுக்க வேண்டும்.