பழைய சேகரிப்புக் காரை வீதி உப்பினால் வரும் கறளிலிருந்து காப்பது எப்படி?

"1967ஆம் ஆண்டு போக்ஸ்வாகன் பீட்டில் ஒன்றைச் சீர்செய்து வைத்திருக்கிறேன், பெப்ரவரியில் தம்பியின் திருமணத்துக்கு ஒரே ஒரு நாள் வெளியே எடுத்தால் வீதி உப்பு அப்படி என்ன செய்துவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "ஒரே ஒரு நாள்" என்பதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனெனில் நானும் என் மனைவியிடம் அதையேதான் சொன்னேன். நீங்கள் இருக்கும் இடத்தைக் குறிப்பிடவில்லை. என்னைப் போல ஒன்ராறியோவிலோ பக்கத்துக் கியூபெக்கிலோ இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில் எங்கள் அப்பாவுடையதும் ஒன்று. அதற்கு முன்பு, எண்பதுகளின் தொடக்கத்தில், ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக அவர் அதை நகரத்துக்கு ஓட்டிச் செல்வார். இருபுறமும் கடல், காற்றெல்லாம் உவர். வீடு திரும்பியதும் காரின் அடியில் வாளி வாளியாக நல்ல தண்ணீரை அடித்து ஊற்றுவார். குடிக்கிற தண்ணீருக்கே அலைய வேண்டிய தீவில் காருக்குக் குளிப்பாட்டா என்று அம்மா ஏசுவார். அப்பா ஒன்றும் சொல்லாமல், காய்ந்த பிறகு கழிவு ஒயிலைத் தூரிகையில் தோய்த்து அடித்தட்டு முழுவதும் பூசுவார். இதை முதலிலேயே சொல்லக் காரணம், கனடாவில் நாற்பது டொலர் புத்தகங்களில் நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு வேலைகளுக்குள் அடங்கிவிட்டது என்பதுதான்.

என் காரைப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்ரோறியாவில் ஒரு முதியவரிடம் வாங்கினேன். அங்கே பனி அரிது, ஆகவே பனியை உருக்க வீதியில் தூவும் உப்பும் அரிது. அறுபது வயதை நெருங்கும் காரின் அடித்தட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. லொறியில் ஏற்றி ஸ்காபுறோவுக்குக் கொண்டுவந்த முதல் இலையுதிர்காலத்திலேயே, இங்குள்ள பட்டறை ஒன்றில் கறுப்பு ரப்பர்த் தார்ப்பூச்சைக் கனமாக அடித்துக் கொடுத்தார்கள். ஆயுட்கால உத்தரவாதமும் தந்தார்கள். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு அந்த உத்தரவாதம் பொருந்தாது என்று பத்திரத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்ததை நான் வாசிக்கவில்லை. 1959ஆம் ஆண்டுக் காரைக் கண்ணால் பார்த்துப் பணம் வாங்கியவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும் என்ற கேள்வி எனக்கு இன்னும் உண்டு.

தைப்பொங்கல் நாள் வந்தது. மூன்று நாட்களாகப் பனி விழவில்லை, வெயில் எறித்தது, வீதி காய்ந்து வெண்மையாகக் கிடந்தது. அந்த வெண்மையே உப்பு என்பது என் புத்தியில் ஏறவில்லை. பதினான்கு கிலோமீற்றர் தூரத்தில் மண்டபம். பொங்கல் விழாவுக்கு மைனரில் போய் இறங்க வேண்டும் என்று ஓர் ஆசை. மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தில் நெல்மணி பரப்பியதைப் போல உப்பு கிடந்தது. யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டுவிடுவார்கள் என்ற அச்சத்தில், தனியார் இடங்களில் தேவைக்கு மிஞ்சியே கொட்டுகிறார்கள். அது ஓடையிலும் ஆற்றிலும் போய்ச் சேர்வதைப் பற்றி எழுதினால் தனியாக ஒரு பதில் ஆகும். பிள்ளைகள் காருடன் படம் எடுத்துக்கொண்டார்கள். இரவு வீடு திரும்பி, வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் காரை விட்டு, குளிரில் வாடக்கூடாதென்று ஹீற்றரைப் போட்டு, பிளாஸ்ரிக் விரிப்பால் இழுத்து மூடினேன். நான் செய்தவற்றிலேயே பெரிய பிழை அந்த ஹீற்றர்தான்.

நான் வேதியியல் படித்தவன் அல்லன்; படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். இரும்பு கறள் பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த வேலை வேகமாக நடக்கிறது. அதிலுள்ள குளோரைட்டு இரும்பின் மேல் உள்ள மெல்லிய காப்புப் படலத்தையும் உடைக்கிறது. சாதாரண நீர் 0 பாகையில் உறையும். ஏறக்குறைய 23 சதவீத உப்புக் கரைசலோ மறை 21 பாகை செல்சியஸ் வரை உறையாமல் திரவமாகவே இருக்கும். மறை 10 பாகையளவில் சாதாரண உப்பின் வலு குறைந்துவிடுவதால், கடுங்குளிரில் கல்சியம் குளோரைட்டு, மக்னீசியம் குளோரைட்டு ஆகியவற்றையும் பயன்படுத்துகிறார்கள். இவை வீட்டுக்குள் உள்ள உலர்ந்த காற்றிலிருந்துகூட ஈரத்தை இழுத்துத் தாமே கரைந்துகொள்ளும். சமையல் உப்புக்கு அதற்கு 75 சதவீத ஈரப்பதம் தேவை. இவற்றுக்கு அதில் பாதியும் வேண்டியதில்லை. பெரும்பாலான வேதிவினைகள் சூட்டில் விரைவுபடும். வெளியே மறை 15 பாகையில் நின்றிருந்தால் அரைத்தூக்கத்தில் இருந்திருக்கும் உப்புக்கு நான் சூடும் கொடுத்து, ஈரம் வெளியேறாமல் போர்வையும் போர்த்திவிட்டேன்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம், கதவுக்குக் கீழே வண்ணப்பூச்சு கொப்புளம் போல எழும்பியிருப்பதைக் கண்டு, பழைய பிரித்தானியக் கார்களில் கைதேர்ந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் காரை உயர்த்தி, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் கதவடிப் பெட்டியின் கீழ்விளிம்பில் என் விரலை வைத்துத் தடவச் சொல்லி, "நாக்கில் வைத்துப் பார்" என்றார். உப்புக் கரித்தது. பதினேழு மாதங்களுக்கு முன் ஏறிய உப்பு, ஜூன் மாத வெயிலில், என் நாக்கில். பிறகு ஸ்குரூட்ரைவரின் முனையைத் தார்ப்பூச்சின் மேல் வைத்து மெல்ல அழுத்தினார். அது கைப்பிடி வரை உள்ளே போனது. கறையான் தின்ற பனஞ்சிலாகையைப் பார்த்திருப்பீர்கள். வெளித்தோல் முழுசாக இருக்கும், உள்ளே மண் மட்டும் இருக்கும். அதே நிலைதான். கறுப்புப் பூச்சு நீர் வடியும் துளைகளை அடைத்துவிட்டதால், உள்ளே போன உப்புநீருக்கு வெளியேற வழி இருக்கவில்லை.

மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கதவடிப் பெட்டி, முன் தண்டவாளங்கள் (அடித்தட்டில் நீளவாக்கில் ஓடும் தாங்கு விட்டங்கள்), குறுக்குவிட்டம், பின் வில் (ஸ்பிரிங்) தொங்கும் இடம் ஆகியவை உளுத்தால் அது அழகுக் குறை அல்ல, ஓட்டவே கூடாத கார். முன் சில்லுகளுக்கு வில்லாக வேலை செய்யும் முறுக்குத் தண்டுகள் அந்தக் குறுக்குவிட்டத்தில்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. பிரேக்கின் தலைமைச் சிலிண்டரோ ஓட்டுநரின் காலடியில் தண்டவாளத்துக்குள்ளேயே இருக்கிறது. வெட்டி, ஒட்டி முடிக்க 4,200 டொலரும் ஒரு முழுக் கோடையும் போயின.

ஒரே நாளில் இரும்பு உளுத்துவிடுமா என்று சிரிக்கப்போகிறவர்களுக்கு: உளுக்காது. பூச்சுக்கு அடியில் பழைய கறள் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வது, ஒரு நாள் ஏறிய உப்பு கழுவப்படாமல் பதினேழு மாதம் வேலை செய்தது என்பதை மட்டும்தான்.

இப்போது நான் செய்வது இது. முதல் உப்பு வண்டி வீதியில் ஓடிய நாளிலிருந்து கார் வெளியே போகாது. ஏப்ரலில் வீதி காய்ந்துவிட்டதே என்று எடுப்பதும் இல்லை. இரண்டு மூன்று கனமழை பெய்து ஓரங்களில் உள்ள வெண்பொடி கழுவுண்ட பிறகுதான் சாவியைத் தொடுவேன். எண்ணெய்ப் பூச்சை ஓகஸ்ட், செப்டெம்பரில் செய்கிறேன், ஏனெனில் சூட்டில்தான் எண்ணெய் இளகி மடிப்புகளுக்குள் ஊர்ந்து போகும். காயாத, ஊரும் தன்மையுள்ள எண்ணெயோ கம்பளிக்கொழுப்புக் (லனோலின்) கலவையோ நல்லது. அதைக் குழாய் முனையால் கதவு, கதவடிப் பெட்டி, தண்டவாளம் ஆகியவற்றின் உட்புறத்தில் அடிக்க வேண்டும். அதற்கு முன் நீர் வடியும் துளைகள் ஒவ்வொன்றையும் கம்பியால் குத்தித் திறக்கிறேன். பிரேக்குகளிலும் ரப்பர்த் துண்டுகளிலும் எண்ணெய் படக்கூடாது. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும் என்று குறை சொல்பவர்கள் அந்த அளவில் சரியே. அப்பாவின் கழிவு ஒயிலை மட்டும் இங்கே செய்யாதீர்கள். அது நிலத்தில் சொட்டுவது குற்றம், அதில் அமிலக் கழிவும் உண்டு. பற்றறியோடு இணைக்கும் மின்னணுக் கறள்தடுப்புக் கருவிக்கும் பணம் கொடுக்காதீர்கள். கப்பலின் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபடும் தியாக உலோகம் வேலை செய்வது அது கடல்நீரில் மூழ்கியிருப்பதால். வீதியில் நிற்கும் காருக்கு அந்த நீர்த்தொடர்பு இல்லை.

கராஜ் சூடின்றி உலர்வாக இருக்கிறது. தரைச் சீமெந்திலிருந்து ஈரம் ஏறாதிருக்கத் தடித்த பொலித்தீன் விரித்து, மேலே காற்றுப் புகும் துணியுறை போட்டிருக்கிறேன். ஈரமானி 50 சதவீதத்தைத் தாண்டினால் ஈரமகற்றி ஓடும்.

உங்கள் பீட்டிலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பின்னால் உள்ள எஞ்சினின் சூடான காற்று, கதவுகளுக்குக் கீழே உள்ள பெட்டிக் குழாய்கள் வழியாகத்தான் முன்னே வருகிறது. உடலுக்கு வலுத் தருவதும் அவையே. உப்பு ஈரத்துடன் ஹீற்றரையும் திறந்தால் அவை உள்ளிருந்து அரிக்கும்.

ஆகவே பெப்ரவரித் திருமணத்துக்கு மூடிய ட்ரெயிலர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். மண்டபத்தின் சரக்கு வாசல் உள்ளே இறக்கும் அளவுக்கு அகலமா என்று முன்னதாக அளந்துகொள்ளுங்கள். பீட்டிலின் அகலம் ஒன்றரை மீற்றரைச் சற்றே தாண்டும். எப்படியும் வீதியில்தான் ஓட்டுவேன் என்று தம்பி அடம்பிடித்தால், பூச்சியத்துக்கு மேல் வெப்பநிலை வரும் முதல் நாளிலேயே, புல்லுக்கு நீர் தெளிக்கும் கருவியைக் காரின் அடியில் வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள், நடுவில் காரை ஒரு முழம் முன்னே தள்ளி. காய்ந்த பிறகு கதவடி விளிம்பைத் தடவி நாக்கில் வையுங்கள். கரித்தால் இன்னொரு அரை மணி நேரம்.