சேலம் வெயிலுக்கு கம்ப்யூட்டரின் கூலர், கேபினெட் இரண்டையும் மாற்ற வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: ரைசன் 5 5600 ப்ராசஸர், அதோடு வந்த ஸ்டாக் கூலர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட். கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் ப்ராசஸர் சூடு 90 டிகிரியைத் தொடுகிறது. கூலர், கேபினெட் இரண்டையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

வேண்டாம். எதை மாற்றுவது என்று முதலில் பார்த்துவிடுங்கள். அதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

ஒரு நாள் மதியம் கேபினெட்டின் சைடு பேனலை மூடி வைத்து எக்ஸ்போர்ட் போடுங்கள். மறுநாள் அதே நேரம், அதே வீடியோ, சைடு பேனலைக் கழற்றிவிட்டு. இரண்டு தடவையும் சூட்டையும் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் திறந்திருக்கட்டும். பேனல் இல்லாதபோது எட்டு, பத்து டிகிரி இறங்கினால் உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் சுற்றுகிறது, அதாவது குறை கேபினெட்டில். இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கியது என்றால் கூலருக்குத்தான் தெம்பு பத்தவில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. 5600-க்கு 90 டிகிரிதான் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு நாளும் 90 என்றே காட்டலாம். அப்போது ப்ராசஸர் ஓடும் கிளாக் வேகத்தைப் பாருங்கள். பேனலைக் கழற்றியதும் வேகம் நன்றாக ஏறினால் அதுவும் கேபினெட் கோளாறுதான்.

நான் இருப்பது அம்மாப்பேட்டையில், தார்சு வீட்டு மாடியில், ஏசி கிடையாது. மே மாத மதியம் அறையே 36 டிகிரியில் இருக்கும். யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் 22 டிகிரி அறையில் சோதித்துக் காட்டும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அதோடு பதினாலைக் கூட்டிக்கொண்டால்தான் நம் ஊர்க் கணக்கு வரும். எந்தக் கூலரும் அறைக்காற்றை விடக் கீழே கொண்டுபோகாது. எனக்கும் இதே 5600தான். பேனலைத் திறந்தும் பெரிய வித்தியாசம் இல்லாததால் கூலரை மட்டும் மாற்றினேன்: நாலு ஹீட் பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்), ஒரு 120 மிமீ ஃபேன் உள்ள, உயரமாக நிற்கும் சாதாரண டவர் கூலர். நான் வாங்கியபோது இரண்டாயிரம் ரூபாய் சுற்று. இப்போது அதே மதியத்தில் எண்பதைத் தாண்டுவதில்லை.

உங்கள் கதை வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன். 3060 முழு வேகத்தில் ஓடினால் 170 வாட் வரை இழுக்கும். அந்தச் சூடு அத்தனையும் கேபினெட்டுக்குள்தான் கொட்டும். ப்ராசஸர் தன் பங்குக்கு 76 வாட். முன்னால் கண்ணாடி அடைத்திருந்தால் புதுக்காற்று எங்கிருந்து வரும்? சோதனையிலும் குறை கேபினெட்டில்தான் என்று தெரிந்தால் முன்பக்கம் வலை வைத்த கேபினெட் எடுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். ஆனால் கழுவக்கூடிய ஃபில்டர் இல்லாததை வாங்காதீர்கள். எங்கள் தெருவில் தறி ஓடும் வீடுகள் அதிகம். ஃபில்டரில் படிவது வெறும் தூசு இல்லை, பஞ்சு. விரலால் ஒரு ஓரத்தை உரித்தால் துணி மாதிரி முழுசாகக் கையோடு வரும். அதை விட்டுவைத்தால் வலைக் கேபினெட்டும் கண்ணாடிக் கேபினெட்டும் ஒன்றுதான்.

(ஏற்காட்டில் இருந்திருந்தால் நீங்கள் இதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று 15 சதவீதம் மெலிந்து, சூட்டை அள்ளும் சக்தி கொஞ்சம் குறையும்தான். அறை பத்து டிகிரி குளிர்ச்சியாக இருக்கும்போது அது பெரிய விஷயமில்லை.)

கூலரைத்தான் மாற்றுவது என்று ஆனால், கேபினெட்டில் எவ்வளவு உயரக் கூலர் அடங்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டவர் கூலர்கள் 150, 155 மிமீ இருக்கும். சின்ன கேபினெட்டில் கதவு மூடாது. பழையதைக் கழற்றுமுன் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்து ப்ராசஸரைச் சூடாக்கி, ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவை எடுத்தபின் கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகித்தான் தூக்க வேண்டும். 5600 போன்ற ஏஎம்4 சாக்கெட் ப்ராசஸரில் பின்கள் அடியில் இருக்கின்றன. கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்கும்போது நேராக இழுத்தால் சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் சேர்ந்து வந்து, பின் வளைந்துவிடும். அப்புறம், மதர்போர்டோடு வந்த பிளாஸ்டிக் பிராக்கெட்டுகள் வீட்டில் இருக்கின்றனவா என்று தேடி வையுங்கள். ஸ்டாக் கூலர் மாட்டும்போது அவற்றைக் கழற்றியிருப்பார்கள். பல டவர் கூலர்களுக்கு அவை தேவை.

இப்போதைக்குப் பணம் போட முடியாது என்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங் பக்கம்) ஈகோ மோடைப் போட்டு ப்ராசஸர் இழுக்கும் வாட்டைக் குறைத்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் கொஞ்சம் நேரம் பிடிக்கும், வெயில் காலத்தை ஓட்டிவிடலாம். கடையில் வாட்டர் கூலர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 76 வாட்டுக்கு அது வேண்டாம்.