ஆடு மிச்சம் வைத்ததை எடை போடும் பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். எதற்கு?

ஆச்சி, நீட்டில் இரண்டாம் தடவையும் தகுதி மட்டும்தான் வந்தது, அரசு இடத்துக்கு மதிப்பெண் போதவில்லை என்று மகளைக் கூட்டிக்கொண்டு தேவகோட்டையிலிருந்து வந்தீர்கள். வருத்தம் இருக்கத்தான் செய்யும். அதை அப்புறம் பார்க்கலாம். மலேசியா அம்மான் இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறாரே, முதலில் அதை நிறுத்துங்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். என்றால் படித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் கோடியைத் தாண்டிவிடும். அதற்காகப் பெரிய வீட்டில் உங்கள் பங்கை எழுதிக்கொடுப்பதாகச் சொன்னீர்கள். கூடாது. ஆஸ்பத்திரி வார்டு என்றாலே ஒதுங்குகிற பெண்ணுக்காகச் சொத்தை விற்பது எந்தக் கணக்கிலும் வராது. இன்ஜினீயரிங், பி.காம். பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் வேறொன்று சொல்கிறேன்.

நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் ஒரு நோட்டைக் காட்டினாள். எந்த ஆட்டுக்கு எத்தனை கிலோ வேலிமசால் தழை போட்டாள், மறுநாள் காலையில் எவ்வளவு தண்டு மிச்சம் கிடந்தது என்று தேதி வாரியாக எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். தீவன ஆராய்ச்சியில் முதல் பாடமே அதுதான்.

அங்கே ஆட்டைத் தனிக்கூண்டில் விட்டு, தின்றதையும் மிச்சம் வைத்ததையும் போட்ட புழுக்கையையும் ஒரு வாரம் எடை போடுவார்கள். ஈரம் போக உலர்த்திய கணக்கில் ஒரு கிலோ தின்று 400 கிராம் புழுக்கையாக வந்தால், செரிமானம் 60 சதவீதம். வைக்கோல் பாதிகூடத் தேறாது. அதில் மணற்சத்தும், லிக்னின் என்கிற செரிக்காத மரச்சத்தும் அதிகம். கம்பு நேப்பியர் தீவனப் புல்லைக் காலத்தில் அறுக்காமல் முற்ற விட்டாலும் இதே கதி. வயிறு நிறையும், பால் ஏறாது.

ஒவ்வொரு புல்லுக்கும் இப்படிக் கூண்டு கட்ட முடியாது. அதனால் 1963-இல் டில்லி, டெர்ரி என்ற இரண்டு விஞ்ஞானிகள் மாட்டின் வயிற்று வேலையை ஆய்வகக் குழாய்க்கே கொண்டுவந்தார்கள். விலாவில் துளையிட்டு ரப்பர் மூடி பொருத்திய மாட்டிலிருந்து முதல் வயிற்றுச் சாற்றை எடுத்து, சூடு குறையாமல் பிளாஸ்கில் கொண்டுவந்து, துணியில் வடிகட்ட வேண்டும். (அந்த வாடை சோப்புக்கு அடங்காது. உங்கள் மகளுக்கு அது பொருட்டாகத் தெரியவில்லை.) காற்றுப் பட்டால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துப்போகும் என்பதால் கார்பன் டை ஆக்சைடை உள்ளே விட்டு, அரைத்த தீவனத்தோடு 39 டிகிரியில் 48 மணி நேரம் வைப்பார்கள். அப்புறம் அமிலமும், பெப்சின் என்கிற செரிமான நொதியும் சேர்த்து இன்னொரு 48 மணி நேரம். கரையாமல் நிற்பதுதான் மாட்டுக்கும் பயன்படாதது. இன்னொரு முறையில் 200 மில்லிகிராம் தீவனத்தைக் கண்ணாடி சிரிஞ்சில் சாற்றோடு போட்டு, 24 மணி நேரத்தில் எவ்வளவு வாயு கிளம்பி பிஸ்டனைத் தள்ளுகிறது என்று அளப்பார்கள். அந்த அளவை வைத்துச் செரிமானத்தைக் கணக்கிடலாம்.

இதற்கு வழி கால்நடை மருத்துவப் படிப்பு. ஐந்தரை வருஷம் படித்துவிட்டு, கால்நடை உணவியலில் இரண்டு வருஷ மேற்படிப்பு. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு மட்டும்தான் நீட் வேண்டும். இரண்டு வருஷம் நீட் பயிற்சிக்குக் கட்டினீர்களே, இதை ஒருவரும் சொல்லவில்லையா? போட்டி கடுமைதான். கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. வேளாண்மை படிக்கலாம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தீவனப் பயிர்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. வேதியியல் படித்தவர்களைத் தீவன ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் ஜான்சியில் புல், தீவனத்துக்கென்றும் பெங்களூரில் கால்நடை ஊட்டச்சத்துக்கென்றும் மத்திய நிறுவனங்கள் உண்டு. எடுத்த எடுப்பில் பெரிய சம்பளம் வராது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மான் கோபப்படுவார். படட்டும். டாக்டர் பட்டம்தான் அவருக்குக் குறை என்றால், கால்நடை மருத்துவரும் டாக்டர்தான் என்று சொல்லுங்கள். முன்பணத்தை வங்கியிலேயே விட்டுவிட்டு, இந்த வாரம் மகளை அந்த நோட்டோடு செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குக் கூட்டிப்போய் அங்குள்ள மருத்துவரிடம் பேச விடுங்கள். பதில் அவள் சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேச வேண்டாம், ஆச்சி.