மெலிந்த லீக்ஸ் நாற்றுக்கு உரம் போடாதீர்கள்

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, ஹட்டன்): ஐயா, ஒரு பக்கெட் லீக்ஸ் விதையைச் சமையலறை ஜன்னலோரம் ஒரு தட்டில் விதைத்தேன். நெருக்கமாக முளைத்தது. ஆறு வாரமாகியும் நாற்றுகள் மயிரிழை கனம்தான். பாதி ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. சிலவற்றின் அடி சுருங்கிக் கருத்திருக்கிறது. யூரியா கரைத்து ஊற்றலாமா, அல்லது எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக விதைக்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம், டீச்சர். முதலில் யூரியாவை எட்டத்தில் எடுத்து வையுங்கள்.

லீக்ஸ் பிறக்கும்போதே மெலிந்த பயிர். முளை நேராக வராது. மடிந்து கொக்கி மாதிரி வெளியே வந்து, பிறகு நிமிரும். முதல் ஒன்றரை மாதம் வளர்கிறதா இல்லையா என்றே தெரியாது. கோவா நாற்றைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நோய் மாதிரித் தோன்றும். மெலிவு மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் தட்டில் அதற்கு மேல் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சாய்ந்து கிடப்பது வெளிச்சப் பஞ்சம். ஜன்னலில் ஒரு பக்கம்தான் வெளிச்சம். போதாததற்கு நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அடி கருப்பது நாற்றழுகல். பித்தியம், ரைசொக்டோனியா போன்ற பூஞ்சணங்கள் ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்த இடத்தில் இதைக் கொண்டுவரும். அடி சுருங்கிய நாற்று பிழைக்காது. அதையும் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் ஒரு கரண்டியால் அள்ளி எறிந்துவிடுங்கள். இந்த நேரத்தில் யூரியா கொடுத்தால் உள்ள நாலு வேரும் கருகும். தப்பியது பஞ்சு மாதிரி மெதுமெதுவென்று வளரும். பூஞ்சணத்துக்கு அதுதான் பிடிக்கும்.

மிச்சத்தைக் காப்பாற்றலாம். தட்டை வெளியே கொண்டுபோய்க் காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஹட்டனில் மழைக்கும் மூடுபனிக்கும் பஞ்சமில்லை. ஆகவே மேலே தெளிவான பொலித்தீன் கூரை வேண்டும், பக்கங்கள் நாலும் திறந்தே இருக்கட்டும். காற்று பட்டால்தான் தண்டு பலப்படும். காலையில் மட்டும், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். பூவாளியை விட, ஆழமில்லாத தண்ணீரில் தட்டைக் கொஞ்ச நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுவது நல்லது.

அடுத்தது கலைத்தல், அதாவது நெருக்கமான நாற்றுகளில் சிலவற்றை எடுத்துவிடுவது. பலர் மனம் வராமல் நிறுத்திவிடுவது இங்கேதான், ஆனால் இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்தும் பயனில்லை. பிடுங்காதீர்கள், பக்கத்து வேரும் சேர்ந்து வந்துவிடும். கத்தரிக்கோலால் அடியோடு வெட்டி, நாற்றுக்கு நாற்று 2 அல்லது 3 சென்ரிமீற்றர் இடம் விடுங்கள். நல்லவற்றை அடியில் ஓட்டை போட்ட யோகட் கப்புகளுக்கும் மாற்றலாம். மாற்றும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைத் தொட வேண்டாம். நீண்டு தொங்கும் இலை நுனியை, நாற்று 10 சென்ரிமீற்றர் உயரம் இருக்கும்படி வெட்டிவிட்டால் நிமிர்ந்து நிற்கும். மூன்றாவது இலை வந்ததும் சலித்த கூட்டெருவை மெல்லியதாகத் தூவுங்கள். அதுவரை எந்த உரமும் வேண்டாம்.

பென்சில் கனமும் 20 சென்ரிமீற்றர் உயரமும் வந்ததும் நடுங்கள். வழமையாக 8 முதல் 10 வாரம். உங்களுடையதற்குக் கூட ஆகலாம், பரவாயில்லை. ஒரு கம்பால் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குழி குத்தி, நாற்றை உள்ளே விட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். மண்ணைத் தள்ளி மூடி அழுத்த வேண்டாம், அது தானாகச் சரிந்து நிரம்பும். கன்றுக்குக் கன்று 15, வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர். வளர வளர மண் அணைத்தால் வெள்ளைத் தண்டு நீளும்.

கேள்வி (மரக்கறி விவசாயி, வெலிமடை): போன வருஷத்து லீக்ஸ் விதையை நாற்றுமேடையில் போட்டதில் பாதிதான் முளைத்தது. முளைத்ததும் மஞ்சளாக, பலமில்லாமல் நிற்கிறது. விதை பழுதா, மேடை பழுதா?

பதில்: தம்பி, இரண்டிலும் சந்தேகம் இருக்கிறது. லீக்ஸ் விதைக்கு ஆயுள் குறைவு. ஈரமில்லாமல் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் ஒன்றிரண்டு வருஷம் நன்றாக முளைக்கும், அதற்குப் பிறகு வேகமாக இறங்கும். அடுத்த முறை 20 விதையை ஈரக் கடதாசியில் சுற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் 10 கூட முளைக்காவிட்டால் அந்தப் பக்கெட்டை நம்பி மேடை கட்ட வேண்டாம்.

மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் மூடாக்கு. விதைத்து மேலே வைக்கோல் பரப்புவது சரிதான், ஆனால் முளை தலைகாட்டிய அன்றே, வெயில் தாழ்ந்த நேரத்தில், அதை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் பிந்தினாலே நாற்று வெளுத்து நீண்டுவிடும்.

மேடை 1 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் உயரம் இருக்கட்டும். வெங்காயமோ லீக்ஸோ அண்மையில் போட்ட இடம் வேண்டாம். விதைக்குமுன் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது நம் பக்கத்துப் பழக்கம்; நல்ல பழக்கம், விடாதீர்கள். வெயில் காலமானால் மேடையை நனைத்துத் தெளிவான பொலித்தீனால் 4 முதல் 6 வாரம் இறுக மூடி வைத்தும் மண்ணைச் சூடேற்றலாம். விதையைத் தூவாமல், 10 சென்ரிமீற்றர் இடைவெளி வரிசைகளில் 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஐதாகப் போடுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, யாழ்ப்பாணம்): எங்கள் வீட்டில் லீக்ஸ் வறை என்றால் எல்லோருக்கும் உயிர். இங்கே விதை போட்டு வளர்க்கலாமா?

பதில்: நுவரெலியாவில் வருவது போன்ற நீண்ட வெள்ளைத் தண்டு அங்கே வராது, தங்கச்சி. மண் சூடு ஏறினால் விதையே சரியாக முளைக்காது. ஆசைக்கு ஐப்பசி கடைசியில், அரை நிழலில், ஒரு சின்னத் தொட்டியில் போட்டுப் பாருங்கள். விரல் கனம் வந்ததும் பிடுங்கிவிடுங்கள், முற்றவிடாதீர்கள். வறைக்கு இளம் பச்சை இலையும் ஆகும். மடிப்புக்குள் மண் நிற்கும், அதனால் நீளவாக்கில் பிளந்து கழுவிவிட்டு நறுக்குங்கள்.