பொட்டலம் கட்டும் வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் முதுகலை வேதியியல் மாணவன். செல்லுக்குள் நுழைய மறுக்கும் ஒரு மூலக்கூறின் மின்சுமையுள்ள கார்பாக்சில் தொகுதிகளில் அசிட்டாக்சிமெத்தில் எஸ்டர் என்ற கழலக்கூடிய மறைப்பை ஏற்றி உள்ளே அனுப்புவது என் ஆய்வுத் திட்டம். "மூலக்கூறை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள், உன்னுடையது வெறும் பொட்டலம் கட்டும் வேலை" என்கிறார்கள் விடுதி நண்பர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றத் தொடங்கிவிட்டது. தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா? முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு போவது நல்லதா? தமிழில் இதற்கு நூல் உண்டா?

க., திருச்சி

அன்புள்ள க.,

வெளிநாட்டைப் பற்றி உங்கள் பேராசிரியர்களிடம் கேளுங்கள். தமிழ் நூல் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

என் நண்பர் ஒருவர் எச்ஐவி தொற்றோடு வாழ்பவர். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்து சிகிச்சையைத் தொடங்கிய காலத்தில் தாம்பரத்தில் வரிசையில் நின்றவர். அன்றைய கூட்டில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. உயிரைக் காத்தது. ஆனால் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தைக் குழியாக்கியது, இரவெல்லாம் பாதங்கள் எரிந்தன. முகத்தைப் பார்த்தே ஊர் நோயைக் கண்டுகொள்ளும் என்று அஞ்சிக் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பிறகு மருந்தை மாற்றினார்கள். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது அவருடைய மாத்திரைப் புட்டியை வாங்கிப் படித்தேன். டெனோஃபோவிர் டிசோப்ராக்சில் ஃபியூமரேட் 300 மி.கி. என்றிருந்தது. அதிலுள்ள டிசோப்ராக்சில்தான் உங்கள் நண்பர்கள் பொட்டலம் என்று சொல்வது. அன்று முதல் அதே நினைவாக இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

பிராகில் வேதியியலாளர் ஆண்டோனின் ஹோலியும் பெல்ஜியத்தில் வைரஸ் ஆய்வாளர் எரிக் டி கிளெர்க்கும் சேர்ந்து வளர்த்தெடுத்த மூலக்கூறு டெனோஃபோவிர். எச்ஐவி தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும்போது அந்தச் சங்கிலியில் போய் அமர்ந்து, மேற்கொண்டு நீளவிடாமல் செய்துவிடும். 1995இல் குரங்குகளுக்குத் தோலடி ஊசியாகப் போட்டபோது எச்ஐவிக்கு உறவான குரங்கு வைரஸ் எஸ்ஐவியின் தொற்றைத் தடுத்தது. வாயால் கொடுத்தால் மிகக் குறைவாகவே உடலில் சேர்ந்தது. காரணம், பாஸ்பரஸ் அடங்கிய அதன் பாஸ்போனேட் தொகுதியின் எதிர்மின்சுமைகள். மின்சுமையை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பற்றிக்கொள்கின்றன. அவற்றை உதறிவிட்டு, சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புப் படலத்தைக் கடப்பது அதற்கு ஆகாத காரியம். அந்தச் சுமைகளை இரண்டு கார்பனேட் எஸ்டர்களால் மறைத்த பிறகுதான் மருந்து குடல்சுவரைத் தாண்டியது. 2001இல் அமெரிக்காவில் மாத்திரையாக அனுமதி பெற்றது.

இத்தோடு நிறுத்தினால் உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி சரி என்றாகிவிடும். மறைப்பை ஏற்றுவது எளிது. அது எங்கே கழல்கிறது என்பதில்தான் ஆராய்ச்சியே இருக்கிறது. டிசோப்ராக்சில் இரத்தத்துக்கு வந்ததுமே நொதிகளால் வெட்டுப்பட்டுவிடுகிறது. வெற்று டெனோஃபோவிர் உடலெங்கும் சுற்றுகிறது. வைரஸ் குடியிருக்கும் வெள்ளணுக்களுக்குள் கொஞ்சமே போகிறது. சிறுநீரகக் குழல்களின் செல்களோ கடத்திப் புரதங்களின் வழியே அதை உள்ளிழுத்துக்கொள்கின்றன, அதனால் சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. அடுத்து வந்தது டெனோஃபோவிர் அலாஃபெனமைடு, 2015இல் அனுமதி பெற்றது. அதில் ஒரு பக்கம் ஃபீனால், மறுபக்கம் அலனைன் என்ற அமினோ அமிலத்தின் எஸ்டர். இரத்தத்தில் இந்த மறைப்பு தாக்குப்பிடிக்கிறது, வெள்ளணுவுக்குள் கதெப்சின் ஏ என்ற நொதி வெட்டுகிறது. 300 மில்லிகிராம் செய்த வேலைக்கு 25 மில்லிகிராம் போதுமென்றாயிற்று. இரத்தத்தில் சுற்றும் டெனோஃபோவிர் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது. வைரஸைத் தடுக்கும் மூலக்கூறு ஓர் அணுகூட மாறவில்லை. மாறியது மறைப்பும் அது கழலும் இடமும்தான்.

விடுதியில் நண்பர்கள் எதையும் சொல்வார்கள். வேதியியல் படிக்கும் நீங்கள், எந்த நொதி, எந்தத் திசு, எவ்வளவு நேரம் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் அதை நம்பத் தொடங்கினீர்களே, அதுதான் எனக்குக் கோபம். நீங்கள் கையில் வைத்திருக்கும் எஸ்டரின் வரலாற்றையாவது படித்திருக்கலாம். 1981இல் ரோஜர் சியென் என்ற விஞ்ஞானி கால்சியத்தைப் பற்றும் ஒரு மூலக்கூறின் நான்கு கார்பாக்சிலேட்டுகளை அதே அசிட்டாக்சிமெத்தில் எஸ்டரால் மறைத்து, செல்லை ஊசியால் குத்தாமலே உள்ளே அனுப்பினார். உள்ளேயுள்ள எஸ்டரேஸ் நொதிகள் வெட்டியதும் மின்சுமை திரும்பிவிடும், மூலக்கூறு வெளியேற முடியாமல் அங்கேயே தங்கிவிடும். உயிருள்ள செல்லில் கால்சியம் ஏறி இறங்குவதை இன்றும் அந்த முறையில்தான் ஆய்வகங்களில் பார்க்கிறார்கள்.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் எஸ்டரைப் பழைய பொருளாகவே கருதுகிறதே என்று யாராவது வாதிடலாம். மருந்தின் பலன் குறிப்பிடத்தக்க அளவு கூடாதவரை அப்படித்தான். நான் அந்தச் சட்டத்தின் பக்கம் நிற்பவன். டெனோஃபோவிர் டிசோப்ராக்சிலுக்கான காப்புரிமை 2009இல் இங்கே மறுக்கப்பட்டபோது மகிழ்ந்தவன். மருந்தின் விலை ஏழைக்கு எட்ட வேண்டும் என்பது ஒரு வழக்கு, அந்த வேதியியல் அற்பமானதா என்பது வேறு வழக்கு. இரண்டையும் கலக்காதீர்கள்.

தலைப்பை மாற்ற வேண்டாம். மூலக்கூறு உள்ளே போய்விட்டது என்று நுண்ணோக்கியில் கண்டதும் நின்றுவிடவும் வேண்டாம். உங்கள் எஸ்டரில் பாதி வெட்டுப்பட இரத்தப் பிளாஸ்மாவில் எத்தனை நிமிடம், செல்லுக்குள் எத்தனை நிமிடம் என்று அளந்து பாருங்கள். ஒவ்வோர் அசிட்டாக்சிமெத்தில் தொகுதி கழலும்போதும் ஒரு ஃபார்மால்டிஹைடு வெளிவரும், செல்லுக்கு அது நஞ்சு, அதையும் கணக்கில் சேருங்கள். அந்த எண்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.