சாத்தானோடு ஒப்பந்தம் போடும் பழைய நுவார் படம் (இருளும் குற்றமும் கலந்த ஹாலிவுட் பாணிப் படம்) ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 1949இல் வந்த 'ஏலியஸ் நிக் பீல்'. இயக்கம் ஜான் ஃபாரோ. எனக்கு மிகவும் பிடித்த படம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முடிவை மட்டும் விட்டுவிடுகிறேன்.

ஜோசப் ஃபாஸ்டர் நேர்மையான அரசு வழக்கறிஞர். ஒரு ரவுடியைச் சிறைக்கு அனுப்பத் துடிக்கிறார், ஆனால் ஆதாரமான கணக்குப் புத்தகங்கள் எரிந்துபோய்விட்டன. "அவனைப் பிடிக்க என் ஆன்மாவையே கொடுப்பேன்" என்று ஆத்திரத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான், துறைமுகத்து மதுக்கடை ஒன்றுக்கு வரச் சொல்லித் தகவல் வருகிறது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து நிக் பீல் நடந்து வருகிறான். எரிந்துபோன புத்தகங்கள் அவனிடம் இருக்கின்றன!

கொம்பு, புகை, தீ எதுவும் கிடையாது. சாத்தானான நிக் பீலாக நடிக்கும் ரே மில்லண்ட் நல்ல கோட்டும் தொப்பியுமாக வருகிறார். யாராவது தொட்டால் மட்டும் பிடிக்காது. கேமரா லேசாகத் திரும்பும், இத்தனை நேரம் யாருமில்லாத இடத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார். தந்திரக் காட்சி எதுவுமில்லாமல் இப்படி ஒரு பயத்தை வரவழைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஒரு காட்சியை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஃபாஸ்டரை மயக்க டோனா என்ற பெண்ணை பீல் அமர்த்தியிருக்கிறான் (ஆட்ரி டாட்டர், படத்திலேயே அருமையான நடிப்பு இவருடையதுதான்). ஃபாஸ்டர் வந்து என்ன பேசுவார், அதற்கு அவள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வசனம் போலச் சொல்லிக்கொடுக்கிறான். அப்புறம் ஃபாஸ்டர் வருகிறார். தன் மனதிலிருந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு அதே வார்த்தைகளைச் சொல்கிறார், ஒரு சொல் மாறாமல். கேட்கக் கேட்க டோனாவின் முகம் வெளிறுகிறது. தன்னை வேலைக்கு வைத்தவன் யார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைக்கிறது. எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்ட இடம் அது.

ஃபாஸ்டராக நடித்த தாமஸ் மிட்செல் நம் பக்கத்து வீட்டுப் பெரியவர் போல இருப்பார். அதனால்தான் மனசு பதறுகிறது. அவர் பணத்துக்கோ பெண்ணுக்கோ ஆசைப்பட்டு விழவில்லை. நல்லது செய்யத்தான் அந்தப் புத்தகங்களை எடுக்கிறார். பிறகு ஆளுநர் பதவி, அதற்கு இன்னொரு சமரசம், கடைசியில் ஒரு கையெழுத்து. ஒவ்வொரு படியிலும் அவர் சொல்லும் காரணம் நியாயமாகவே படுகிறது. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் புத்தகங்களை எடுத்திருப்பேன்.